தண்டுவட நெருக்கம்

பேரிகை என்பது முரசு வகைகளுள் ஒன்று. பகை வருமுன்னரே ஊராரை எழுப்புதற்கும், அரசனது ஆணையை நாட்டார்க்கு அறிவித்தற்கும் நம் முன்னோர் முரசு முழக்கினர். பேரிகை என்னும் அப்பெயரையே தாங்கிய ஊர் ஒன்று கிருட்டிணகிரி மாவட்டத்துச் சூளகிரி வட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி உளது. ஓசூரிலிருந்து பாகலூர் வழியே செல்வோர் அதனை அடைவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் அவ்வெல்லைப் புறத்தில், தக்காளியும் முட்டைக்கோசும் விளைப்பாரும், பூந்தோட்டங்களிற் குனிந்து வேலை செய்வாரும், ஓசூர்த் தொழிற்பேட்டைக்கு நாடோறும் சென்று மீளும் இளைஞரும் வாழ்கின்றனர். இவரனைவர்க்கும் பொதுவாய முறையீடு ஒன்று உண்டு, அது முதுகுவலி. தமிழர் அதனை 'இடுப்புப் பிடிப்பு' என்பர். தெலுங்கர் 'நடுமு நொப்பி' என்பர். கன்னடர் 'பென்னு நோவு' என்பர். மொழி மூன்றாயினும் செய்யும் பரிகாரம் ஒன்றே. தைலம் தேய்த்தல், வெந்நீர் ஒத்தடம், மருந்துக் கடையில் வாங்கிய இரண்டு மாத்திரை, மறுநாள் மீண்டும் வேலை.

நூறு பேர்க்கு முதுகு வலித்தால் ஏறத்தாழ அனைவர்க்கும் இப்பரிகாரமே போதும். அவர்தம் வலி தசையினின்று தோன்றுவது. சில கிழமைகளில் தானே தணிவது. ஆயினும் மிகச் சிலர்க்கு அவ்வலி வெறும் அயர்ச்சியன்று. உள்ளே வரும் பகையை முன்னறிவிக்கும் முரசமாகும். அத்தகைய பகைகளுள் ஒன்று, நிணநீர்ப் புற்று என்னும் லிம்போமா. அது தன்னை முதன்முதல் அறிவிக்கும் அரிய வழிகளுள் ஒன்று, தண்டுவடத்தை நெருக்கிக் கால்களின் ஆற்றலைக் கவர்தல். இந்நோய் எவ்வாறு நிகழ்கின்றது, ஏன் அறியப்படாது ஒழிகின்றது, அறிந்தவிடத்துச் செய்யத்தக்கது யாது என்பவற்றை இயன்ற அளவு எளிதாக விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவன் மருத்துவம் பேசப் புகுதல் தகுமோ என்று ஐயுறுவாரும் இருக்கலாம். அவர்க்கு ஒன்று கூறுவேன். அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1847 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவப் பணி தொடங்கித் தமிழ் கற்றார். பின்னர் மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்து, அம்மொழியிலேயே மாணாக்கர்க்கு மருத்துவம் பயிற்றினார். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மொழியில் உடலின் இயல்பை உரைக்கத் துணிந்தனராயின், அம்மொழியிற் பிறந்த நாம் அதனைச் செய்யத் தயங்குதல் அழகன்று. மேலும், நோயாளி தன் நோவை எடுத்துரைப்பது தாய்மொழியிலேயே ஆதலின், அந்நோவின் வேறுபாடுகளைத் தாய்மொழியில் அறிந்திருத்தல் உயிர் காக்கும் அறிவாகும்.

தண்டுவடமும் அதன் உறைவிடமும்

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. முள்ளெலும்புகள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற தூண் அது. ஒவ்வொரு முள்ளெலும்பின் பின்புறத்தும் ஒரு வளையம் உண்டு. வளையங்கள் வரிசையாகப் பொருந்துதலின் அவற்றினிடையே நீண்டதோர் எலும்புக் குழல் அமைகின்றது. அக்குழலினுள் மூளையினின்று தொங்கும் கயிறு போன்று தண்டுவடம் கிடக்கின்றது. வளர்ந்த ஆடவனிடத்து அதன் நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், பருமன் சுண்டுவிரலளவு. இடுப்பின் முதல் அல்லது இரண்டாம் முள்ளெலும்பின் அளவில் அது முடிந்துவிட, அதற்குக் கீழ் நரம்பு வேர்கள் மட்டும் குதிரையின் வாலைப்போல் பரந்து செல்லும்.

இத்தண்டுவடத்தினின்று 31 இணை நரம்புகள், எலும்புகளினிடையே உள்ள சிறு துளைகளின் வழியே இருபுறத்தும் வெளிப்படுகின்றன. கால் அசைக என்னும் மூளையின் ஆணை இவ்வழியே கீழிறங்குகின்றது. கல் குத்திற்று என்னும் காலின் செய்தி இவ்வழியே மேலேறுகின்றது. சிறுநீரையும் மலத்தையும் அடக்குதலும் விடுத்தலும் இதன் காவலில் உள்ளன. ஆகவே தண்டுவடத்தின் ஓரிடத்தில் இடர் நேரின், அவ்விடத்திற்குக் கீழுள்ள உடல் முழுதும் மூளையினின்று துண்டிக்கப்பட்ட நாடாகிவிடும்.

தண்டுவடத்தைச் சுற்றி வன்மையான உறை ஒன்று உண்டு. அவ்வுறைக்கும் எலும்புக் குழலுக்கும் இடையே சிறிய வெளி உளது. அதில் கொழுப்பும் மெல்லிய நாளங்களின் பின்னலும் நிறைந்திருக்கும். இச்சிறு வெளியே நம் கதையின் போர்க்களம் என்று நினைவிற் கொள்க. குழல் எலும்பாலானது, விரியமாட்டாது. உள்ளே புதியதொரு பொருள் வளரப் புகுமாயின், ஒதுங்கி இடங்கொடுக்க வேண்டுவது மெல்லிய தண்டுவடமேயாகும். கழுத்தினும் இடுப்பினும் அக்குழல் சற்று அகன்றிருக்க, மார்பின் பின்புறத்து மட்டும் மிக ஒடுங்கியிருத்தலின், அங்கு நிகழும் நெருக்கம் விரைவில் தீங்கு விளைக்கும்.

நிணநீரும் அதன் புற்றும்

நிணம் என்னுஞ் சொல் பழைய நூல்களிற் கொழுப்பினை உணர்த்தும். இக்கால மருத்துவத் தமிழிலோ, நிணநீர் என்பது குருதிக் குழாய்களினின்று கசிந்து, உடலின் இழைகளை நனைத்து, தனக்குரிய நுண்குழாய்களின் வழியே மீண்டும் குருதியைச் சென்றடையும் தெளிந்த நீரைக் குறிக்கும். அது செல்லும் வழியில் கழுத்து, அக்குள், அரை, மார்பின் உட்புறம், வயிறு முதலிய இடங்களில் சிறு கணுக்கள் உள. காலிற் புண் வந்தால் அரையில் நெறி கட்டிற்று என்று ஊரார் கூறும் நெறி இக்கணுவே. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுதலால் அது வீங்குகின்றது. புண் ஆறியவுடன் நெறியும் கரையும். அஃது உடலின் நற்காவல்.

அக்காவலரே அடங்காது பெருகிக் கலகம் செய்யின் அதுவே நிணநீர்ப் புற்று. அந்நெறி பெரும்பாலும் வலியற்றது. தொடுவார்க்கு ரப்பர் போன்று தோன்றும். கிழமைகள் பல கழியினும் கரையாது. இலண்டனில் கைஸ் மருத்துவமனையிற் பணிபுரிந்த தாமசு ஆட்ஜ்கின் என்பார் 1832 ஆம் ஆண்டில், கணுக்களும் மண்ணீரலும் பெருத்து இறந்தோர் எழுவரைப் பற்றி எழுதினார். அவர் குவேக்கர் சபையைச் சார்ந்தவர். எளியோர்பால் இரக்கம் மிக்கவர். அவர் கூறிய நோய்க்கு அவர் பெயரையே சாமுவேல் வில்க்ஸ் என்னும் மருத்துவர் 1865 இல் நிலைநாட்டினார். இன்று நிணநீர்ப் புற்றுக்களை ஆட்ஜ்கின் வகை என்றும், அஃதல்லாத வகை என்றும் இரு பெரும் பிரிவாக்குவர். முன்னது கல்லூரி மாணவர் வயதினரிடத்தும் காணப்படுவது. ஆதலின் முதுமைக்குரிய நோய் இது என்று நாம் ஒதுக்கிவிடுதற்கில்லை.

நெருக்கம் நிகழும் முறை

முதுகெலும்பின் இருமருங்கும் நிணநீர்க் கணுக்கள் உள என்றோம்; நரம்புகள் வெளிவரும் துளைகளும் உள என்றோம். இவ்விரண்டையும் இணைத்து நோக்குக. கணுவில் வளரும் புற்று, எலும்பை உடைக்காமலே அத்துளைகளின் வழி உட்புகுந்து, உறைக்கு வெளியேயுள்ள சிறு வெளியை நிரப்பவல்லது. திருடன் சுவரை இடியாது சாளரத்தின் வழி நுழைந்தாற்போல்வது இது. ஏனைய உறுப்புக்களிற் பிறந்து பரவும் புற்றுக்கள் பெரும்பாலும் எலும்பையே முதலிற் கெடுத்தலின், எக்ஸ் கதிர்ப் படத்தில் அவற்றின் சுவடு தெரியக்கூடும். நிணநீர்ப் புற்றிலோ எலும்பு பழுதின்றித் தோன்றலாம். படத்தில் ஒன்றுமில்லை என்னும் உரை நோயாளிக்கு ஆறுதல் தரும். ஆயின் அவ்வாறுதல் பொய்யாதலும் உண்டு.

உட்புகுந்த கட்டி முதலில் நெருக்குவது மெல்லிய நாளங்களையே. நாளம் அடைபடக் குருதி தேங்கும். தேங்கிய நீரால் தண்டுவடம் வீங்கும். வீக்கம் மேலும் நெருக்கத்தை விளைக்கும். இந்நிலை வரை கேடு பெரிதும் மீட்கத்தக்கது. அதன்மேல் தமனிக் குருதியும் தடைப்படுமாயின், நரம்பணுக்கள் உயிர்வளியின்றி மடியும். மடிந்தவை மீள்வன அல்ல. வீக்கத்திற்கும் மடிவிற்கும் இடைப்பட்ட காலம் சிலர்க்குச் சில நாட்கள். சிலர்க்குச் சில மணிகளே. இந்நோயை மருத்துவர் அவசர நிலை என்று கூறுதற்குக் காரணம் இதுவேயாகும்.

இது நிகழும் வரிசையை விளங்கக் காண்டற்கு, முப்பது வயதுள்ள தொழிலாளி ஒருவனைக் கற்பனையாகக் கொள்வோம். முதலில் அவனுக்கு நடுமுதுகில் வலி தோன்றுகின்றது. சாதாரண முதுகுவலி படுத்தால் தணியும், இவனது வலியோ படுத்தால் மிகுகின்றது, நள்ளிரவில் எழுப்புகின்றது, இருமினும் தும்மினும் முக்கினும் பாய்கின்றது. சில கிழமைகளில் அது விலாவைச் சுற்றிக் கச்சை கட்டினாற்போல் இறுக்குகின்றது. வாயுப் பிடிப்பு என்று எண்ணி அவன் கஷாயம் குடிக்கின்றான். பின்னர் மாடிப்படி ஏறுங்கால் முழங்கால் தளர்கின்றது. செருப்பு காலினின்று நழுவுவதை அவன் உணர்வதில்லை. பாதத்திற் தொடங்கிய மரமரப்பு தொடைக்கும் வயிற்றுக்கும் ஏறுகின்றது. இறுதியில் சிறுநீர் கழிக்க முயன்றும் கழியாது அடிவயிறு உப்புகின்றது. வலி தோன்றிய நாளுக்கும் இந்நாளுக்கும் இடையே ஒரு மாதமோ இரு மாதமோ கழிந்திருக்கலாம். முரசு அத்தனை நாளும் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதனை முரசென்று அறிந்தார் இலர்.

நிணநீர்ப் புற்றுடையார் அனைவரையும் எண்ணின், தண்டுவட நெருக்கம் எய்துவார் நூற்றுக்குச் சிலரே; அதனையே முதற்குறியாகக் கொண்டு மருத்துவரிடம் வருவார் அவரினும் சிலர். ஆயினும் ஒரு வகை நிணநீர்ப் புற்றில் இது அத்துணை அரிதன்று. அயர்லாந்தில் 1911 இல் பிறந்த டெனிஸ் பர்க்கிட் என்பார் இளமையிலேயே ஒரு கண்ணை இழந்தவர். ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர். உகாண்டா நாட்டுக் கம்பாலா நகரில் அறுவை மருத்துவராகத் தொண்டாற்றினார். ஆப்பிரிக்கச் சிறுவர்தம் தாடைகளில் வளரும் கட்டியொன்றைப் பற்றி அவர் 1958 ஆம் ஆண்டில் எழுதினார். 1961 இல் நண்பர் இருவருடன் பழைய வண்டியொன்றில் ஏறத்தாழ 10,000 மைல் பயணம் செய்து, அந்நோய் பரவிய நிலப்பகுதியை வரையறுத்தார். தாடை வீங்கிய சிறுவரிற் சிலர் கால் முடங்கியும் வந்தனர். அவர்க்கு உரிய மருந்து காலத்தில் ஏற்றப்பட்டபோது கட்டி பனிபோற் கரைந்ததனை மருத்துவ உலகம் வியப்புடன் கண்டது. நிணநீர்ப் புற்று கொடியதாயினும், மருந்துக்கு மிக இணங்குவது என்னும் உண்மை அதனால் வலியுற்றது.

காசமோ புற்றோ

நம் நாட்டில் இந்நோயை மறைக்கும் திரை ஒன்று உண்டு. அது காசநோய். நுரையீரலைத் தாக்கும் காசமே முதுகெலும்பையும் தாக்கி, கூன் விளைத்து, கால்களை முடக்கும். இதனை 1779 ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் ஆங்கில மருத்துவர் விரித்துரைத்தார். இந்தியாவில் விபத்தின்றிக் கால் முடங்குதற்குப் பெருங்காரணங்களுள் முதுகெலும்புக் காசம் ஒன்று. ஆகவே மாலைக் காய்ச்சல், இரவில் உடை நனைய வியர்த்தல், உடல் மெலிதல், கழுத்தில் நெறி, முதுகுவலி என்னும் ஐந்தும் ஒருங்கே கண்டவிடத்துக் காசமென ஐயுறுதல் பிழையன்று. இடர் யாதெனின், நிணநீர்ப் புற்றின் குறிகளும் இவ்வைந்தேயாதல்.

ஐயத்தை ஐயமாகவே கொண்டு, உறுதி தேடாது காச மருந்தைத் தொடங்கிவிடின் என்ன நேரும்? காச மருந்தின் பயன் தெரியக் கிழமைகள் பல வேண்டும். இன்னும் சிறிது பொறுப்போம் என்று காத்திருக்குங்கால், புற்று தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டே இருக்கும். இதன் மறுதலையும் தீதே; காசத்தைப் புற்றென்று கொண்டு மருத்துவம் செய்தல், உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துக் காசத்தை வளர்க்கும். ஆகலின் இரண்டையும் பிரித்தறியும் நடுவர் வேண்டும். அந்நடுவர், கட்டியினின்றோ நெறியினின்றோ எடுக்கப்படும் சிறு திசுத் துணுக்கு.

அத்துணுக்கை எடுக்கும் மருத்துவர் அதனை இரு கூறாக்கி இரண்டு குப்பிகளில் இடுவர். ஒன்றில் பார்மலின் என்னும் பதப்படுத்து நீர் உண்டு. அதிலுள்ள துணுக்கை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, அணுக்களின் வடிவமும் வகையும் காண்பர். மற்றொன்றில் உப்பு நீர் மட்டும் உண்டு. அதிலுள்ள துணுக்கில் காசக் கிருமி உளதா என்று சிபிநாட் சோதனையாலும் கிருமி வளர்ப்பாலும் காண்பர். பார்மலின் கிருமியைக் கொன்றுவிடுமாதலின் எல்லாத் துணுக்கையும் அதிலேயே இட்டால் பின்னைய சோதனைக்கு வழியில்லை. இச்சிறு ஒழுங்கு தவறுதலால் ஒருவன் காலிழத்தலும் கூடும்.

ஈண்டுக் கூறத்தக்கது மற்றொன்று உண்டு. டெக்ஸாமெத்தசோன் முதலிய ஸ்டிராய்டு மருந்துகள் தண்டுவட வீக்கத்தைத் தணிப்பன. வலியை விரைவிற் குறைப்பன. ஆயின் அவை நிணநீர்ப் புற்றின் அணுக்களையும் சிறிது காலம் அழிப்பன. துணுக்கு எடுக்குமுன் அம்மருந்து சென்றிருப்பின், நுண்ணோக்கியின் கீழ் சிதைந்த அணுக்களே தோன்றி, நோய் இன்னதெனத் துணிதல் அரிதாகும். நோயாளியோ குணமாயிற்று என்று மகிழ்ந்து வீடு செல்வான். சில கிழமைகளிற் புற்று முன்னினும் மிக்கு எழும். ஆதலின் முதுகுவலிக்கு எவரோ தந்த, பெயரறியாத மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குதல் நன்றன்று. கால் விரைந்து தளரும் நிலையில், தண்டுவடத்தைக் காத்தற்பொருட்டு மருத்துவர் அம்மருந்தை உடனே தருதலும் உண்டு. எது முந்துவது என்பதை நோயாளியின் நிலை நோக்கி அவரே துணிதல் வேண்டும். அதற்கு முன்பு உட்கொண்ட மருந்துகளின் சீட்டுக்களை மறையாது காட்டுதல் நம் கடமை.

அறிதலும் தீர்த்தலும்

முன்னாளில் தண்டுவடம் நெருங்கிய இடத்தைக் கண்டறிதல் மருத்துவரின் நுண்ணறிவையே சார்ந்திருந்தது. இலண்டனில் 1887 ஆம் ஆண்டு சூன் மாதத்தில், நெடுநாள் முதுகுவலியுற்று இரு கால்களும் செயலற்ற படைத்தலைவர் ஒருவரை வில்லியம் கவர்ஸ் என்னும் மருத்துவர் சோதித்தார். தோலின் எவ்வளவில் உணர்ச்சி அற்றது என்பதனைக்கொண்டே கட்டி இருக்குமிடத்தை அவர் கணித்தார். விக்டர் ஆர்சுலி என்பார் அவ்விடத்தைத் திறந்து கட்டியை அகற்றினார். நோயாளி மீண்டும் நடந்தார். அக்கட்டி நிணநீர்ப் புற்றன்று. தீங்கு குறைந்ததோர் வகை. எனினும் நெருக்கத்தை நீக்கின் கால் மீளும் என்னும் நம்பிக்கையை உலகிற்கு அளித்தது அந்நிகழ்ச்சி. 1921 இல் சிக்கார், பாரஸ்டியர் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர், எண்ணெய் போன்றதோர் மருந்தைத் தண்டுவட உறையிற் செலுத்திக் கதிர்ப்படம் எடுக்கும் முறையைக் கண்டனர். இன்று எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் ஊசியின்றியே தண்டுவடம் முழுவதையும் காட்டுகின்றது. கால் தளர்ச்சி முதலிய நரம்புக் குறிகளுடன் இவ்வையம் எழுமாயின் 24 மணி நேரத்திற்குள் முதுகெலும்பு முழுவதையும் இவ்வாறு படமெடுத்தல் வேண்டும் என்பது 2008 இல் பிரிட்டனில் வகுக்கப்பெற்ற நெறி. ஒரே நோயாளியிடத்துப் பல இடங்களில் நெருக்கம் இருத்தல் கூடுமாதலின் 'முழுவதையும்' என்றனர்.

நோய் நிணநீர்ப் புற்றெனத் துணியப்பட்டபின், அதனைத் தீர்க்கும் கருவிகள் மூன்று: மருந்து, கதிர், கத்தி. ஏனைய பல புற்றுக்களில் கத்தி முந்தும். இதில் பெரும்பாலும் மருந்தே முந்தும். எலும்புத் தூண் நிலைகுலைந்தவிடத்தும், துணுக்கு வேறு வழியிற் கிடையாதவிடத்தும், நெருக்கம் மணிக்கு மணி மிகும்போதும் அறுவை வேண்டப்படும்.

அம்மருந்துகளுள் ஒன்றை நாம் அனைவரும் அறிவோம். அறிந்தோம் என்பதை அறியோம். வீட்டு முற்றத்தினும் கல்லறைத் தோட்டத்தினும் வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் நாடோறும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியே அதன் பிறப்பிடம். சுடுகாட்டு மல்லி என்று இகழப்படும் அச்செடியினின்று வின்கிறிஸ்டின் என்னும் மருந்து பிரிக்கப்பட்டு, 1963 முதல் அமெரிக்காவில் மருத்துவத்திற்கு வந்தது. இன்றும் நிணநீர்ப் புற்றின் கூட்டு மருந்துகளில் அது இடம்பெறுகின்றது. இது கேட்டு இலையைப் பறித்து அரைத்துக் குடிக்கப் புகுவார் உளராயின் அவரைத் தடுத்தல் வேண்டும். மிகப் பெருந்தொகையான உலர்ந்த இலையினின்று மிகச் சிறிதளவே கிடைப்பது அம்மருந்து. அளவு பிறழின் நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. மருத்துவர் அளந்து குருதி நாளத்தின் வழி ஏற்றும்போதே அஃது அமிழ்தாகும். வெள்ளணுக்களின் ஒரு வகையை மட்டும் குறிபார்த்துத் தாக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்தும் 1997 முதல் இவற்றுடன் சேர்ந்தது.

இவற்றால் விளையும் பயன் யாது? மருத்துவம் தொடங்கும் நாளில் நோயாளி எந்நிலையில் இருக்கின்றான் என்பதே அதனைப் பெரிதும் அறுதியிடுகின்றது. அன்று நடந்து வந்தவன் பின்னும் நடப்பான் என்று பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். தளர்ந்த காலுடன் வந்தவனும் மீளுதல் உண்டு. நிணநீர்ப் புற்று மருந்துக்கும் கதிருக்கும் விரைந்து இணங்குதலின், பிற புற்றினரைக் காட்டினும் இவர்க்கு நம்பிக்கை மிகுதி. முற்றும் செயலிழந்து நாட்கள் பல கழிந்தபின் வந்தவனுக்கோ, புற்று தீரினும் கால் மீளாதிருத்தல் கூடும். உயிர் பிழைத்தும் நடை இழத்தல் என்னும் அந்நிலையைத் தவிர்த்தற்கே இத்துணை விரைவு.

நாட்டின் துணையும் ஊரின் துணையும்

மருத்துவம் தேடி நெடுந்தொலைவு கப்பலேற வேண்டிய காலம் கழிந்தது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1949 ஆம் ஆண்டில் ஜேக்கப் சாண்டி என்பார் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். தம் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954 இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தார். ஓசூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள பெங்களூரில், 1973 முதல் கிட்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் உளது. கிருட்டிணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 இல் திறக்கப்பெற்றது. வறியோர்க்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆகவே பேரிகை போன்ற ஊரினர்க்குக் குறையாயிருப்பது மருத்துவமனை மட்டுமன்று. எப்போது புறப்படுவது என்னும் அறிவே பெரிதும் குறையாயுளது.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் வரும் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்து சென்று, வாயிலில் வழியின்மை கண்டு, கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்கினர் என்பது நாம் அனைவரும் கேட்டதே. அவனால் நடக்க இயலாது. ஆதலின் அவனுக்காக நடந்தவர் அந்நால்வர். அவர் மருத்துவரல்லர், காலந்தாழ்த்தாது கொண்டு சேர்த்தவர். நம் ஊர்களில் வேண்டப்படுவதும் இதுவே. முதுகு நொந்து கால் தளர்ந்தவனை இரு சக்கர வண்டியில் நடுவே இருத்தியோ, தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கியோ கொண்டு செல்லலாகாது. பலகையிலோ கட்டிலிலோ மல்லாக்கப் படுக்கவைத்து, திருப்ப வேண்டின் கழுத்தும் முதுகும் இடுப்பும் ஒருசேரத் திருப்பி, 108 வண்டியை அழைத்துக் கொண்டு செல்லல் வேண்டும். உழன்ற முதுகை நீவிச் சொடுக்கெடுத்தல் அறவே ஆகாது.

காலம் கடந்து கால் மீளாதார் திறத்து நாம் கைவிரித்தல் தகுமோ? தகாது. மேரி வர்கீஸ் அம்மையார் வேலூரில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1954 இல் நேர்ந்த வண்டி விபத்தில் தண்டுவடம் சிதைந்து இரு கால்களும் இழந்தார். அவரைத் தாக்கியது விபத்து, புற்றன்று. ஆயின் தண்டுவடம் கெட்டார் எய்தும் நிலை இருவர்க்கும் ஒன்றே. அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று மீண்டார். 1966 இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழக் காரணராயினார். 1972 இல் பத்மசிறீ விருது பெற்றார். படுக்கைப்புண் வாராது உடலைத் திருப்புதல், சிறுநீரை முறையே நீக்குதல், கைவலிமையைப் பெருக்கித் தானே எழுந்தமர்தல், தொழிலொன்று கற்றல் ஆகிய இவையெல்லாம் நடையிழந்தாரையும் வாழ்விழவாது காப்பன என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

முடிவாக, நேயர்கள் மனத்திற் கொள்ளத்தக்க குறிகளைத் தொகுத்துரைப்போம். படுத்தால் மிகும் முதுகுவலி. இரவில் எழுப்பும் வலி. மார்பையோ வயிற்றையோ கச்சைபோற் சுற்றும் வலி. அதனுடன் காரணமின்றி மெலிதல், இரவு வியர்வை, விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கரையாத நெறி. இவற்றுள் சில கூடின் அக்கிழமைக்குள்ளே மருத்துவரை நாடுக. கால் தளர்தல், நடை தள்ளாடுதல், மரமரப்பு மேலேறுதல், சிறுநீர் அடைபடுதல் என்பவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே, அப்பொழுதே நாடுக. முதுகுவலியுடையார் அனைவரும் அஞ்ச வேண்டுவதில்லை. ஆயின் கல்வி கற்ற நாம், விடுமுறையில் ஊர் செல்லுங்கால், திண்ணையிற் சாய்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் காணின், எங்கே வலி என்று மட்டும் கேளாது, படுத்தால் எப்படி, கால் எப்படி, நீர் பிரிகின்றதா என்னும் மூன்று வினாக்களையும் கேட்போமாக. அவை கேட்பதற்குப் பட்டம் வேண்டா. அன்பு ஒன்றே போதும். அவ்வினாக்களால் ஒருவர் தம் காலால் நடந்து கோயிலுக்கோ வயலுக்கோ செல்லும் பேறு பெறுவாராயின், நாம் கற்ற கல்வி பயன்பட்டதாகும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் துணைபுரிவானாக.